படிக்க மட்டும் ஒரு கருவி

இங்கே ஒரு பெண்ணின் கையில் புத்தகம் இருந்தால் அவளுக்குப் பரீட்சை என்று அர்த்தம். ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாவலைப் பிரித்தால் போதும், பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்துவிடும்: "எக்ஸாமாக்கா?" இல்லை, சும்மா படிக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். வேலை கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் மறைக்கிறேனாம். ஒருமுறை அலுத்துப்போய், "ஆமா, குரூப் ஃபோர்" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு ரிசல்ட் வந்ததா, வந்ததா என்று பஸ்ஸே விசாரித்தது. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கேள்வி வேறு. அங்கே ஒரு பெண்பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்தால், "ஒனக்குச் சோலி ஒண்ணும் இல்லையாட்டி?" என்பார்கள். ஆக, ஊரில் வேலை இல்லாதவள் படிப்பாள். இங்கே வேலை தேடுகிறவள் படிப்பாள். வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கவும் செய்கிறவளை என்னவென்று நினைப்பது என்று இரண்டு இடத்திலும் யாருக்கும் தெரியவில்லை.

நான் கடல் தாண்டியவள் இல்லை. என்னிடம் பாஸ்போர்ட்டும் கிடையாது. 2007இல் ஒரு ராத்திரி பஸ்ஸில் ஏறி, விடியும்போது பெருங்களத்தூரில் இறங்கியவள். அதனால் என்னைப் போன்றவர்களைப் புலம்பெயர்ந்தவர்கள் என்று யாரும் எழுதுவதில்லை. நானே எழுதிக்கொள்கிறேன். ஒரே மொழிதானே, ஒரே மாநிலம்தானே என்கிறவர்கள் இங்கே ஒரு மெஸ்ஸில் போய் "வெஞ்சனம் என்ன இருக்கு?" என்று கேட்டுப் பார்க்கட்டும். வெங்காயம் கொண்டுவந்து வைப்பார்கள். எனக்கு வைத்தார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் வெஞ்சனம். தண்டலத்தில் பெண்கள் விடுதியில் சேர்ந்த முதல் நாள், என் பெயர் பேச்சியம்மாள் என்றதும், "பேச்சா? இன்னா பேரு அது?" என்று சிரித்தார்கள். எங்கள் குலதெய்வத்தின் பெயர் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து நான் 'ஸ்பீச்' ஆகிவிட்டேன்.

விடுதியில் சில வருடம், பிறகு கல்யாணம், பிறகு பிள்ளைப்பாக்கத்தில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு வாடகை வீடு. என் கணவர் சுடலைமுத்துவும் தெற்கத்திக்காரர்தான். லாரி தயாரிக்கும் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்காரம்மா கன்னியம்மா இந்த மண்ணிலேயே பிறந்தவர். நிலத்தின் ஒரு பகுதியைக் கம்பெனிக்காரர்களுக்கு விற்று, மீதியில் எங்களைப் போன்றவர்களுக்கென்று வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். நாங்கள் தும்மினால் அவர் என்னவென்று கேட்பார்.

என் வேலை இன்ஸ்பெக்‌ஷன். காரின் டேஷ்போர்டுக்குள் போகிற சர்க்யூட் போர்டுகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே வைத்து, சால்டர் என்னும் ஈயப்பற்று வைத்த புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஷிப்ட் முழுக்க அதுதான். மகள் மதி பிறந்த பிறகு கையில் புத்தகம் எடுப்பது அரிதாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் நான் லைனில் இருப்பேன், நான் வெளியே வரும்போது அது பூட்டியிருக்கும். வீட்டில் விளக்கைப் போட்டால் மாற்று ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிற கணவருக்குத் தொந்தரவு. அதனால் உள்ளங்கையளவு போனில் கிடைத்த கதைகளையெல்லாம் இருட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். 2013 தொடக்கத்தில் கண் எரிய ஆரம்பித்தது. லைனில் பச்சைப் போர்டைப் பார்க்கும்போதே தண்ணீர் கொட்டியது. கம்பெனியில் கண் பரிசோதனைக்கு வந்த டாக்டரம்மா, "வேலையிலயும் உத்துப் பாக்கறீங்க, வீட்டுக்குப் போயும் ஸ்கிரீனா? கண்ணு எப்பதான் சும்மா இருக்கும்? போன்ல படிக்கிறதை நிறுத்துங்க" என்றார்.

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் தாமதம். "நான் எத்தனை மட்டம் சொன்னேன்?" என்று ஆரம்பித்தார் கணவர். "கண்ணு சரியில்லன்னா இன்ஸ்பெக்‌ஷன்ல வச்சிருப்பானாட்டி? தூக்கி பேக்கிங்ல போடுவான், இல்லன்னா வீட்டுக்கு அனுப்பிருவான். படிச்சது போதும். அந்தச் சவத்த விட்டுத் தொல."

சவம் என்பது எங்கள் பக்கத்தில் வாயில் சாதாரணமாகப் புழங்குகிற சொல். ஓடாத மிக்ஸியும் சவம்தான், நேரத்துக்கு வராத பஸ்ஸும் சவம்தான். கொஞ்ச நேரத்தில் கன்னியம்மா ஈரக் கையோடு வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாமே, யாரு செத்துட்டா? ஊர்லேந்து போன் வந்துச்சா?"

யாரும் சாகவில்லை, புத்தகத்தைத்தான் அப்படிச் சொன்னார் என்று விளக்கினேன். அவர் என்னையும் கணவரையும் மாறிமாறிப் பார்த்தார். "புக்கைப் போயி பொணம்ன்றீங்க. நல்லா கீதும்மா உங்க பாஷை" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகும் வேலை போய்விடும் என்று கணவர் சொன்னது எனக்குள் அடங்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. என் கண்ணுக்காகத்தான் பேசினார். ஆனால் யோசித்துப் பாருங்கள், கம்பெனிக்கு வேண்டும் என்பதற்காக நான் என் கண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றல்லவா ஆகிறது? அதை அப்படியே சொன்னேன். "ஷிப்ட் முழுக்கக் கண்ணை அவங்களுக்குக் கொடுக்கேன். அதுக்குச் சம்பளம் தாராங்க, சரி. மீதிக் கண்ணு என்னோடது. அதையும் அவங்களுக்கே எடுத்து வைக்கணும்னா அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் எங்கள் லைனுக்குப் பயிற்சி கொடுக்க ஜப்பானிலிருந்து மிட்சுகோ சான் என்ற அம்மா வந்திருந்தார். எங்கள் போன்களையெல்லாம் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். பயிற்சியாளர்களுக்கு அந்த விதி இல்லை. கேன்டீனில் அவர் தயிர்ச்சோற்றை ஸ்பூனால் அள்ளிக்கொண்டே ஒரு சாம்பல் நிறப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் போல அது மின்னவில்லை. அச்சடித்த தாள் போலச் செத்த வெள்ளை. அதில் எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "எக்ஸாம்?" என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பதறிப்போய், "நோ நோ, எக்ஸாம் நெக்ஸ்ட் வீக்" என்றார். எங்களுக்கு அவர் வைக்கப்போகும் திறன் தேர்வைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு கையாலும் காலாலும் பேசிப் புரிந்துகொண்டோம். அது இ-ரீடர். கதை படிக்கிறார். கண் வலிக்காது என்பதைத் தன் இரண்டு கண்ணையும் விரித்துக் காட்டிச் சொன்னார்.

மேலிருந்து கீழே ஓடும் எழுத்தே இதில் வரும்போது இடமிருந்து வலமாக ஓடும் எங்கள் எழுத்து வராதா? மறுநாள் கேட்டேன். அவர் அதிலேயே இணையத்தைத் திறந்து கொடுத்தார். நான் போனில் வழக்கமாகப் படிக்கும் தமிழ்த் தளத்தின் முகவரியை அடித்தேன். பக்கம் மெதுவாக வந்தது. தமிழ்தான் வந்தது. ஆனால் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றன. கால்கள் கழன்று தனியாகக் கிடந்தன. மேலே இருக்க வேண்டிய புள்ளிகள் பக்கத்தில் உருண்டன. ஒரு வரியைக்கூட என்னால் தடுக்காமல் படிக்க முடியவில்லை. மிட்சுகோ சான் எட்டிப் பார்த்து, மனதாரச் சொன்னார்: "பியூட்டிஃபுல்!" நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் தன் நண்பரின் டேப்லெட்டை இரவல் வாங்கி வந்தார். கோபமெல்லாம் போயிருந்தது. "படிக்கவே கூடாதுன்னு நான் சொல்லலட்டி. இதப் பாரு" என்று நீட்டினார். அதே தளம், அதே கதை. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. "தமிழ் ஜம்முனு வருது. படமும் பாத்துக்கிடலாம், பாப்பாவுக்கு ரைம்ஸும் போடலாம். ஒண்ணு வாங்குனா வீட்டுல எல்லாருக்கும் ஆச்சு." அவர் சொல்லி முடிப்பதற்குள் மதி அதைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு கன்னியம்மா வந்து ஒரு பழைய பாட்டு கேட்டார். பிறகு கிரிக்கெட். சாயங்காலம் வரை அது என் கைக்கு வரவில்லை. வந்தபோது சார்ஜ் இல்லை, கரன்டும் இல்லை. அப்போதெல்லாம் கரன்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது.

"அதான் எனக்கு வேண்டாம்ங்கேன்" என்றேன்.

"எது?"

"எல்லாருக்கும் ஆகுறது."

சொன்ன பிறகு எனக்கே அது சுயநலமாகப் பட்டதா என்றால், இல்லை. இந்த வீட்டில் கட்டில் எல்லாருக்கும், விசிறி எல்லாருக்கும், கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணிகூட எல்லாருக்கும். ஊரில் எனக்கென்று ஒரு மூலை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், அங்கேயும் கிடையாது. அதனால்தான், வேறு யாருக்கும் எதற்கும் பயன்படாத ஒரு பொருள், படிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாத ஒரு பொருள் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பொருளுக்குத் தமிழ் தெரியவில்லையே. தமிழ் தெரிந்த கருவி என் கண்ணைக் கெடுக்கும், கண்ணைக் கெடுக்காத கருவி என் தமிழை உடைக்கும். எது என்று தெரியாமல் சில வாரம் திண்டாடினேன். இ-ரீடர் விற்கிற நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பையன் இங்கிலீஷில் பேசினான். தமிழ் எப்போது வரும் என்று கேட்டேன். "யூ கேன் ரீட் இன் இங்கிலீஷ் மேடம், மெனி மெனி புக்ஸ்" என்றான். எனக்கு இங்கிலீஷில் வேண்டாம், தமிழில்தான் வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்து, "மேடம், யுவர் இங்கிலீஷ் இஸ் குட்" என்று தைரியம் சொன்னான்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். மிட்சுகோ சான் கிளம்புவதற்கு முந்தைய வாரம், லைனில் ஏதோ சந்தேகம் வந்தபோது, எங்கள் வேலைமுறைக் குறிப்பைத் தன் இ-ரீடரிலேயே திறந்து காட்டினார். அந்தக் குறிப்பு எப்போதும் இங்கிலீஷும் தமிழுமாக இருக்கும். 'கையுறை இல்லாமல் போர்டைத் தொடாதே' என்று இருந்தது. கொம்பு முன்னால் நின்றது. கால் ஒட்டியிருந்தது. புள்ளி தலையில் இருந்தது. நான் கத்தியே விட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். பிடிஎஃப் என்றால் பக்கம் படம் மாதிரி அப்படியே போகும், எழுத்து கலையாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பதிப்புரிமை முடிந்த பழைய தமிழ் நூல்களை ஆர்வலர்கள் அப்படித்தானே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்! திரை சின்னது, எழுத்து பொடியாகத் தெரியும். பக்கத்தைப் படுக்கையாகத் திருப்பினால் பாதிப் பக்கம் பெரிதாக வரும். அது போதும் எனக்கு.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் இருந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். "ரீடர் இருக்கா?" என்றேன். "கீதும்மா" என்று கடைக்காரர் சட்டென்று எடுத்து வைத்தார். கட்டைவிரல் அளவு. மெமரி கார்டு சொருகுகிற கார்டு ரீடர். "இது இல்லண்ணே, புக்கு படிக்கிறது." "ஓ, டேபா? புள்ள எந்த கிளாஸு?" "எனக்குத்தான்." அவர் என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "இன்னா எக்ஸாம்மா?" கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

கடைசியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆன்லைனில்தான் வாங்கினேன். விளக்கு உள்ளே இருக்கும் மாடலா, இல்லாத மாடலா என்று கணவர் கேட்டபோது யோசிக்கவே இல்லை. விளக்கு உள்ளதுதான். அவர் தூங்கும்போது ட்யூப்லைட் வேண்டாம், கரன்ட் போனாலும் கவலை இல்லை. என் ஓவர்டைம் காசு. ஊரில் மாமியாருக்கு விஷயம் தெரிந்து, "அதுக்கு ஒரு மோதிரம் எடுத்திருக்கலாமே" என்றார். எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

எங்கள் தெருவுக்குக் கூரியர் வராது என்பதால் கம்பெனி முகவரி கொடுத்திருந்தேன். பெட்டி வந்த அன்று கேட்டில் செக்யூரிட்டி மாசிலாமணி அண்ணன் அதைப் பிடித்துவைத்துக்கொண்டார். கேமரா உள்ள பொருள் எதுவும் உள்ளே வராமல் பார்ப்பது அவர் உத்தியோகம். பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். ஷிப்ட் விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"இதுல கேமரா எங்க கீது?"

"கேமரா கிடையாதுண்ணே."

"சிம்மு?"

"கிடையாது."

"பாட்டு கேக்கலாமா? படம்?"

"ஒண்ணும் முடியாது."

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பாவமாக என்னைப் பார்த்தார். "கேமரா இல்ல, சிம்மு இல்ல, பாட்டு இல்ல. ஏமாத்திட்டானுங்கம்மா உன்ன. இன்னாத்துக்கு இத வாங்கின?"

"படிக்க."

"இன்னா படிக்க?"

"கதை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சூடானது. ஆனால் குனியவில்லை. அன்று கேட்டில் நின்று நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், தண்டலம் விடுதிகளில் இருக்கும் தங்கச்சிகளுக்கும் சேர்த்து: "பரீட்சைக்கு இல்ல. பிரமோஷனுக்கு இல்ல. புள்ளைக்கு இல்ல. எனக்குப் படிக்கப் பிடிக்கும், அதுக்கு." மாசிலாமணி அண்ணன் பெட்டியை மூடிக் கொடுத்தார். ரிஜிஸ்டரில் என்ன பொருள் என்று எழுத வேண்டிய இடத்தில், கொஞ்சம் திணறிவிட்டு, 'புக்கு' என்று எழுதினார்.

வாங்கியதோடு எல்லாம் சுகமாகிவிடவில்லை. சில பிடிஎஃப்களில் பக்கம் கோணலாக இருந்தது. சிலவற்றில் ஸ்கேன் செய்தவரின் விரல் விழுந்திருந்தது. ஒரு வரியின் பாதி மேல் திரையிலும் பாதி கீழ்த் திரையிலும் மாட்டிக்கொள்ளும். கணவர் ஒருநாள் எடுத்து எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையேட்டி" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த தீபாவளிக்கு அவர் தனக்கென்று ஒரு டேப்லெட் வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் பார்க்கட்டும், நான் படிக்கிறேன். கண்ணுக்குக் கண்ணாடி வந்தது. டாக்டரம்மா இந்தமுறை படிக்கிறதை விடச் சொல்லவில்லை, நடுநடுவே தூரத்தில் பார்க்கச் சொன்னார். இன்ஸ்பெக்‌ஷனிலேயேதான் இருக்கிறேன்.

இ-ரீடர் விற்ற நிறுவனத்துக்கு நான் விடாமல் மெயில் போட்டேன். என் போனில் படம் மங்கலாக விழும் என்பதால், எழுத்து உடைகிற பக்கத்தைக் கன்னியம்மா மருமகனின் போனில் படம் பிடித்து அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இங்கிலீஷில் பதில் வரும். நான் திரும்பப் போடுவேன். 2015இல் ஒருநாள் அதுவாகவே ஏதோ அப்டேட் செய்துகொண்டது. திறந்து பார்த்தால் கொம்பெல்லாம் தன் இடத்துக்கு வந்திருந்தது. என் மெயிலால்தான் என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் எத்தனை பேர் கேட்டார்களோ. ஆனால் என் மெயிலும் அதில் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மதிக்கு இப்போது மூன்று வயது. நாங்கள் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் கன்னியம்மா வீட்டில்தான் வளர்கிறாள். அவர் வாயில் அது 'வூடு'. வருடத்துக்கு ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவோம், ரயிலில். 'வீட்டுக்குப் போறோம்' என்று நாங்கள் அவளிடம் சொல்வது அப்போதுதான். போன வாரம் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கதை வாசித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மழை வருகிறது, கதையில் வரும் பையன் ஓடுகிறான். 'நனைவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்' என்று வாசித்தேன்.

"ரயில்ல போனானாம்மா?" என்றாள் மதி.

"இல்லட்டி, பக்கத்துலதான். ஓடியே போயிட்டான்."

"அப்ப அது வூடு" என்றாள், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிற மாதிரி. "ரயில்ல போனாத்தான் வீடு."

கன்னியம்மா கீரையைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "கரெக்டாத்தான சொல்லுது!" நான் திரையைப் பார்த்தேன். அங்கே ஒரு சொல்தான் இருந்தது. மகள் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று, வீட்டுக்கு, வூட்டுக்கு என இரண்டு விதமாகவும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, பக்கத்தைத் தள்ளினேன்.